"அப்பா இப்போ எந்த டோல்கேட்?" - லாரி டிரைவர் மகளின் ராத்திரிக் கணக்கு

அதிகாலை 2.41 மணி. மேஜை மேல் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு, போன் அதிர்ந்தால் கை தானாகவே அதை நோக்கிப் போகும். எங்கேயாவது நிலநடுக்கமாக இருக்கலாம். யாராவது பிரபலம் இறந்திருக்கலாம். அன்று வந்தது அது எதுவுமில்லை. ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக வங்கி அனுப்பிய எஸ்.எம்.எஸ். இடம்: கர்ஜீவனஹள்ளி டோல் பிளாசா.

கர்நாடகாவில், தும்கூருக்கும் சித்ரதுர்காவுக்கும் நடுவில் சிரா என்று ஓர் ஊர். அதற்குப் பக்கத்தில்தான் இந்த டோல்கேட். அப்படியென்றால், அப்பா பெங்களூரைத் தாண்டிவிட்டார். நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அடுத்த டோல்கேட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலேகால் வாக்கில் அடுத்த மெசேஜ் வர வேண்டும்.

அப்பா லாரி டிரைவர். ஓனரும் அவரேதான். ஒரே ஒரு பத்து வீல் வண்டி. 2021 பிப்ரவரியில், ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு டோல்கேட்டில் இரண்டு மடங்கு கட்டணம் என்று ஆனபோது, அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். நான் அப்போது இதழியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். ஃபாஸ்டேக் வாங்குவது, ஆன்லைனில் ரீசார்ஜ் செய்வது எல்லாம் என் வேலை ஆனது. கணக்கில் என் போன் நம்பரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அப்பா எந்த டோல்கேட்டைத் தாண்டினாலும் என் போன் அதிரும். சில நேரம் அரை மணி தாமதமாக வரும். ஆனால், வராமல் இருக்காது.

சங்ககிரியில் இருக்கும் அம்மா தினமும் காலையில் எனக்கு போன் செய்து கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அப்பா இப்போ எந்த டோல்கேட்?"

ஆறு கட்டங்கள்

அன்று ராத்திரி நான் செய்துகொண்டிருந்த வேலையும் லாரி சம்பந்தப்பட்டதுதான். 'எண்களில் லாரித் தொழில்' என்று ஒரு கார்டு போட வேண்டும். போனில் பார்த்தால் ஒரே திரையில் அடங்க வேண்டும். ஆறு கட்டம், ஆறு எண்கள். டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு என் வீட்டுக் கதை தெரியும் என்பதால் இந்த வேலை என்னிடம் வந்தது.

முதல் நாலு கட்டங்களை எளிதாக நிரப்பிவிட்டேன். நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியச் சாலைகளில் ஓடும் டிரக்குகள் சுமார் 40 லட்சம். 2050-ல் இது 1.7 கோடி ஆகும் என்கிறார்கள். உள்நாட்டில் போகும் சரக்கில் ஏறத்தாழ 70 சதவிகிதம் சாலை வழியாகத்தான் போகிறது. ரயில், கப்பல், குழாய் எல்லாம் சேர்ந்து மீதியை எடுத்துச் செல்கின்றன. நாட்டில் 22 லட்சம் டிரைவர்களுக்குப் பற்றாக்குறை இருப்பதாக மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொல்லியிருக்கிறார்.

இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்பது அது நின்றால்தான் தெரியும். 2024 ஜனவரி முதல் இரண்டு நாள்களில் வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். விபத்து நடந்து, தகவல் சொல்லாமல் போனால் பத்து வருடம் வரை சிறை என்று புதிய சட்டத்தில் வந்த பிரிவை எதிர்த்துப் போராட்டம். இரண்டே நாளில் பல ஊர்களில் பெட்ரோல் பங்க் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றது. ஜூலையில் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஐந்தாவது கட்டத்தில் இதைப் போட்டேன்.

ஆறாவது கட்டத்துக்கு, ஒரு டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்று போடலாம் என்று நினைத்தேன். ஆய்வு ஏதாவது இருக்கும், தேடலாம். அதற்கு முன் அப்பாவைக் கேட்டுவிடலாமே என்று ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டேன். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்தார்.

"அப்பா, ஒரு லாரி டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுவாங்க?"

"வண்டி எத்தனை மணி நேரம் ஓடும்னு கேக்கறியா, டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டுவான்னு கேக்கறியா கண்ணு?"

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"இப்ப ஒண்ணுதான். முன்னாடி வேற வேற."

டீக்குக் காசு கொடுக்கும் சத்தம் கேட்டது. "சரி, வெச்சுடறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

போகும்போது ஜவ்வரிசி, வரும்போது வெங்காயம்

எங்கள் பக்கத்தில் லாரி என்பது வெறும் தொழில் இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவார்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போகும். சங்ககிரியில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் ஒரு வீட்டில் ஓனர், ஒரு வீட்டில் டிரைவர், ஒரு வீட்டில் மெக்கானிக், ஒரு வீட்டில் புக்கிங் ஆபீஸ்காரர் இருப்பார்கள். பிள்ளைகள் மாநிலத் தலைநகரங்களைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அப்பா கொண்டு வந்த ஸ்வீட் டப்பாக்களில் படித்துவிடுவார்கள்.

அப்பா 16 வயதில் கிளீனராக ஏறியவர். பிறகு டிரைவர். 2014-ல் ஃபைனான்ஸ் வாங்கி சொந்தமாக ஒரு வண்டி எடுத்தார். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றுவார். 90 கிலோ மூட்டை இருநூறு. பதினெட்டு டன். நாம் பாயசத்துக்கும் வடாமுக்கும் கொஞ்சமாக வாங்கும் ஜவ்வரிசிக்கு உண்மையான பெரிய வாடிக்கையாளர் மகாராஷ்டிரா. அங்கே விரத நாளென்றால் சாபுதானா கிச்சடிதான். புனேயில் மூட்டையை இறக்கிவிட்டு, நாசிக் மாவட்டத்து லாசல்கான் போய் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கோ, கோயம்பேட்டுக்கோ வருவார். போக வர 2,500 கிலோமீட்டருக்கு மேல்.

லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. ஆக, ஒரு டிரிப்புக்கு டீசல் மட்டுமே 600 லிட்டரைத் தாண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் அதிலேயே போய்விடும். பிறகு டோல், கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் கேட்கும் மாமூல். பத்து டயர், ஒன்று இருபதாயிரத்துக்கு மேல். இன்ஷூரன்ஸ், எஃப்.சி, மாதா மாதம் டியூ. லாசல்கானில் லோடு கிடைக்காமல் இரண்டு நாள் நின்றால், அந்த டிரிப்பில் மிச்சம் என்று எதுவும் இருக்காது.

மாதம் மூன்று டிரிப் அடித்தால் டியூ கட்டிவிட்டு வீட்டுக்குப் பணம் வரும். இரண்டு டிரிப் என்றால் டியூ மட்டும்தான் கட்டலாம். அந்த மூன்றாவது டிரிப்பை எங்கேயிருந்து எடுப்பது? வண்டியின் வேகத்திலிருந்து எடுக்க முடியாது. பதினெட்டு டன்னை வைத்துக்கொண்டு தொப்பூர் கணவாயில் விரட்ட முடியாது. வாடகையிலிருந்தும் எடுக்க முடியாது. நாட்டில் பெரும்பாலான லாரி முதலாளிகள் அப்பா மாதிரி ஒன்று, இரண்டு, மிஞ்சினால் ஐந்து வண்டி வைத்திருப்பவர்கள்தான். ஒருத்தர் கட்டுப்படியாகாது என்று சொன்னால், அதே லோடை ஆயிரம் ரூபாய் குறைத்து எடுக்க இன்னொருத்தர் வாசலில் நிற்பார். மிச்சம் இருப்பது தூக்கம் ஒன்றுதான்.

கேபினில் மூன்று பேர்

'முன்னாடி வேற வேற' என்று அப்பா சொன்னது என்னவென்று எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பாவுடன் எப்போதும் இன்னும் இரண்டு பேர் வண்டியில் ஏறுவார்கள். மாற்று டிரைவராக ஒரு மாமா, கிளீனராக ஒரு பையன். ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பின்சீட்டில் படுத்துத் தூங்குவார். வண்டி இருபது மணி நேரம் ஓடும். ஆள் பத்து மணி நேரம்தான் ஓட்டுவார்.

இது யாரோ மனமிரங்கிச் செய்த ஏற்பாடு இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருந்தது. 1989-ல் எழுதப்பட்ட அந்த விதியைப் படித்தபோது எனக்கே ஆச்சர்யமாக இருந்தது. தேசிய பர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கேபினின் முழு அகலத்துக்கும் ஒரு சீட் இருக்க வேண்டும். எதற்காக? மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுத்துத் தூங்குவதற்காக. அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

போன மாதம் அப்பா கோயம்பேட்டுக்கு வெங்காயம் கொண்டு வந்தபோது ஷிஃப்ட் முடிந்து நேரே போய்ப் பார்த்தேன். கேபினில் ஏறி அந்தச் சீட்டைப் பார்த்தேன். கயிற்றுக் கட்டு, ஜாக்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி வாளி, மடித்த பழைய தார்ப்பாய், ஒரு கேன் தண்ணீர். ஒரு குழந்தை படுக்கக்கூட இடமில்லை. "நீங்க எங்கப்பா படுப்பீங்க?" என்றேன். ஸ்டீயரிங்கைக் காட்டினார். அதன் மேல் கையை மடித்து வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினார்.

அந்த மாமா ஏழெட்டு வருடங்களுக்கு முன்பே திருப்பூர் போய்விட்டார். பனியன் கம்பெனியில் எட்டு மணி நேர வேலை, ராத்திரி வீடு. கிளீனர் வேலைக்கு இப்போது பையன்களே வருவதில்லை. அப்படி வந்தாலும் இரண்டு ஆளுக்கு பேட்டா கொடுக்கும் அளவுக்கு வாடகை இல்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. தேசிய பர்மிட் வண்டிகளுக்கு ஃபாஸ்டேக் கட்டாயம் என்று அதில் ஒரு வரி. இரண்டு டிரைவர் கட்டாயம் இல்லை என்று இன்னொரு வரி.

முன்பு வேறொரு இடத்திலும் தூங்க முடிந்தது என்கிறார் அப்பா. செக்போஸ்ட். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வருவதற்கு முன் மாநில எல்லைகளில் வணிக வரி செக்போஸ்ட் இருந்தது. சீல் வாங்க லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். அதை எடுத்ததில் அப்பாவுக்கு எந்த வருத்தமும் இல்லை. அங்கே அழுத காசு கொஞ்சமா நஞ்சமா! ஆனால் சொல்வார், "அந்த வரிசையில நாலு மணி நேரம் நிம்மதியாத் தூங்குவோம் கண்ணு. லேட்டுன்னு யாரும் கேக்க முடியாது. செக்போஸ்ட்டுன்னா போதும்." இப்போது மிச்சமான அந்த நாலு மணி நேரம் டிரைவருக்கு வரவில்லை. புனே மண்டிக்குப் போய்விட்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சரக்கோடு போகும் இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். சேலத்திலிருந்து புனே ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர். அரசாங்கக் கணக்கில் ஆறு நாள் அவகாசம் இருக்கிறது. புக்கிங் ஆபீஸில் சொல்வது, "நாளன்னிக்குக் காலையில இறக்கணும்."

நாலேகால் ஆனது... ஐந்து ஆனது

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

நாலேகால் ஆனது. போன் அதிரவில்லை. தாமதமாக வரும் என்று கார்டு வேலையைப் பார்த்தேன். ஐந்து மணி. வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார், அது எங்கள் வீட்டுச் சட்டம். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நோட்டைத் திறந்து பார்த்தேன். முந்தைய நாள் மாலை 6.20-க்கு ஓமலூர். 7.25-க்குத் தொப்பூர் பாளையம். ஒன்பது மணி தாண்டிக் கிருஷ்ணகிரி. 10.50-க்கு அத்திப்பள்ளி. 2.41-க்குக் கர்ஜீவனஹள்ளி. இதில் எங்கேயும் தூங்க நேரமில்லை. லோடு ஏற்றுவதற்காக அன்று காலை ஐந்து மணிக்கே அப்பா எழுந்திருந்தார் என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஐந்திலிருந்து ஐந்து, இருபத்து நாலு மணி நேரம்.

என் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ராத்திரியில் நடக்கும் விபத்துச் செய்திகள் முதலில் எங்களுக்குத்தான் வரும். 'சாலையோரம் நின்ற லாரி மீது மோதி...', 'டிரைவர் கண் அயர்ந்ததால்...' என்று வரும் தகவலை நாலு வரியாக்கி, ஒரு தலைப்பு போட்டு, பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறேன். 'கண் அயர்ந்ததால்' என்று டைப் செய்யும்போது அந்த டிரைவர் எத்தனை மணிக்கு எழுந்தவர் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அன்று ஐந்தரை மணிக்கு 'சித்ரதுர்கா லாரி' என்று தேடினேன். கன்னட சேனல்களின் பக்கங்களைத் திறந்தேன். எழுத்து தெரியாது, படங்களை மட்டும் பார்த்தேன். நொறுங்கிய கேபின் எந்த நிறம் என்று பார்த்தேன். எல்லாம் பழைய படங்கள். ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. கிளம்ப மனமில்லை. ஆறரைக்கு அம்மா போன் செய்தார். "அப்பா எந்த டோல்கேட்?" "ஹிரியூர் போயிட்டாரும்மா" என்று பொய் சொன்னேன்.

7.22-க்கு போன் அதிர்ந்தது. ஹிரியூர் பக்கம் இருக்கும் டோல்கேட். பணம் எடுக்கப்பட்டது.

அந்த எஸ்.எம்.எஸ்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து அப்பாவே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கண்ணு... கொஞ்சம் தூங்கிட்டேன். தப்பா நினைச்சுக்காத. கண்ணு சொருகிருச்சு. ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம்னுதான் சாஞ்சேன். விடிஞ்சுருச்சு. போன் சைலன்ட்ல கிடந்திருக்குது."

எனக்கு அழுகை வந்தது. பயந்ததற்காக இல்லை. 54 வயது மனிதர், இருபத்து நாலு மணி நேரம் விழித்திருந்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கியதற்கு, பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்பதைப் போலப் பேசுகிறாரே என்று. அடுத்து அவர் கூப்பிட வேண்டியது புக்கிங் ஆபீஸை. அங்கேயும் இதையேதான் சொல்லியிருப்பார். ஆனால், 'தூங்கிட்டேன்' என்று சொல்லியிருக்க மாட்டார். 'டயர் பஞ்சர்' என்று சொல்லியிருப்பார். பஞ்சரானால் மன்னிப்பார்கள்.

யார் கணக்கு?

ஆறாவது கட்டத்துக்கான எண்ணைத் தேடும்போது சட்டத்தையும் படித்தேன். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூர வண்டி என்றால் பத்து மணி நேரம் வரை போகலாம். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி ஓய்வு. நல்ல சட்டம்தான். ஆனால், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். ஒரு வண்டிக்காரருக்குப் பொருந்தாது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவரை அந்தச் சட்டம் தொழிலாளி என்றே பார்ப்பதில்லை. இப்போது அந்தச் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது.

ஐரோப்பாவில் லாரிக்குள்ளேயே டேக்கோகிராஃப் என்று ஒரு கருவி இருக்கிறது. டிரைவர் தன் கார்டைச் செருகினால்தான் கணக்கு ஆரம்பிக்கும். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்த வேண்டும். நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் சாதாரணமாக ஓட்டலாம். போலீஸ் வழியில் நிறுத்தினால் சரக்கை மட்டும் பார்ப்பதில்லை. டிரைவரின் தூக்கத்தையும் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் லாரியைக் கணக்கெடுக்காத ஆளே இல்லை. எடை மேடையில் டன் கணக்கு, டோல்கேட்டில் நிமிடக் கணக்கு, இ-வே பில்லில் நாள் கணக்கு, ஃபைனான்ஸில் டியூ கணக்கு. உட்கார்ந்து ஓட்டுகிறவர் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்ற கணக்கு மட்டும் எதிலும் இல்லை. அப்பா விஷயத்தில் அது என் நோட்டில் இருக்கிறது, அதுவும் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியாக.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. மே மாத வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது புது வண்டிக்கு. எங்கள் வண்டிக்கு இன்னும் ஜன்னல் காற்றுதான்.

'22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறை' என்ற எண்ணை நாலாவது கட்டத்தில் போட்டேன் இல்லையா? அதற்கான பதில் வேறோர் ஆய்வில் கிடைத்தது. சேவ் லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் பத்து நகரங்களில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் வீட்டில் யாரையும் இந்தத் தொழிலுக்கு வரச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 84 சதவிகிதம். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். தம்பி பத்தாவது படிக்கும்போது ஒருமுறை, "நானும் லைசென்ஸ் எடுத்து உங்ககூட வர்றேன்ப்பா" என்றான். அப்பா அவனை அடித்தது அந்த ஒருமுறைதான்.

ஒரு மிஸ்டு கால்

அந்த டிரிப் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தபோது நானும் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். நோட்டைக் காட்டினேன். அப்பாவுக்குக் கொஞ்சம் கோபம்தான். "என்ற வண்டிக்கு நீ வாட்ச்மேனா?" என்றார். அம்மா எதுவும் பேசாமல் நோட்டை வாங்கி, ஒவ்வொரு நேரத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டு, "ஒரு டிரிப் கம்மி பண்ணிக்கலாமுங்க" என்றார்.

அன்று ராத்திரி முழுக்கக் கணக்கு போட்டோம். மூன்று டிரிப்பை இரண்டாக்கினால் டியூ கட்டலாம், வீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. தம்பி காலேஜ் ஃபீஸ் இருக்கிறது. என் சம்பளத்திலிருந்து நான் மாதம் கொஞ்சம் கொடுப்பதாகச் சொன்னேன். அப்பா, "அதெல்லாம் வேண்டாம் சாமி" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, "ரெண்டு மாசம் பாக்கலாம்" என்றார். இன்னும் அந்த இரண்டு மாதம் முடியவில்லை. பாதி டியூ பாக்கி இருக்கிறது. ஃபைனான்ஸிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. இது எவ்வளவு நாள் ஓடும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேறொன்றும் பேசி முடிவு செய்தோம். பெங்களூர் தாண்டியதும், தும்கூருக்கு முன்னால் லாரிகள் நிற்கும் ஒரு தாபாவில் அப்பா படுக்க வேண்டும். கயிற்றுக்கட்டில் உண்டு. சாப்பிட்டால் கட்டிலுக்குத் தனிக் காசு கிடையாது. படுப்பதற்கு முன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எழுந்ததும் இன்னொன்று.

கார்டு மறுநாள் போனது. ஆறாவது கட்டத்தை எடுத்துவிட்டு ஐந்து கட்டத்தோடு போட்டோம். நிறைய பேர் ஷேர் செய்திருந்தார்கள். 'நம் தமிழகத்தின் பெருமை நாமக்கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பெருமைதான். அந்தக் கட்டத்தில் வராமல் போனதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நேற்று ராத்திரியும் எனக்கு நைட் ஷிஃப்ட். 12.50-க்கு அப்பா நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றது. நோட்டில் குறித்தேன். ஐந்தே முக்காலுக்கு இன்னொரு ரிங். அம்மா போன் செய்தபோது அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"டோல்கேட் எதுவும் இல்லம்மா. இப்பத்தான் எந்திரிச்சார்."